ஒண்ணரை அங்குலம்

ஜனவரி 9

கப்பல் பட்டறை தச்சு மேஸ்திரி அவர்களுக்கு,

கூடப் பிறந்த தம்பிக்கு இப்படியா ஆரம்பிப்பாங்கன்னு நினைக்காதே. வேற எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. உன்கிட்ட பேச மாட்டேன்னுதான் சொன்னேன். எழுத மாட்டேன்னு சொல்லல. நலம் விசாரிக்கிறதை விட்டுடலாம், ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

குட்டி மறுவாழ்வு இல்லத்துக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகப் போகுது. இனிமே அங்க செய்ய ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். இடுப்புக்குக் கீழ உணர்வு வராது. கை ரெண்டும் நல்ல பலம், சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கிறா. வீட்டுக்கு அனுப்பத் தயாரா இருக்காங்க, ஆனா வீடு சரியா இருக்கணும். ஏப்ரல் 20 அன்னிக்கு இல்லத்துலேருந்து ஒரு அம்மா வந்து பாப்பாங்க. கையோட ஒரு வட்டமான கித்தான் விரிப்பு கொண்டு வருவாங்க. குறுக்களவு அறுபது அங்குலம். நாற்காலி ஒரு முழுச் சுத்து சுத்த அவ்வளவு இடம் வேணுமாம். அந்த விரிப்பு வீட்டுத் தரையில ஓரம் மடங்காம விரிஞ்சா, அவ வீட்டுக்கு வருவா. விரியலன்னா ஊருக்கு வெளியில இருக்கிற நிரந்தர விடுதிக்கு மாத்திடுவாங்க. அங்க மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்க விடுவாங்க.

வீடு உனக்குத் தெரிஞ்ச அதே ஒரே அறைதான். அதுலயே சமையல், அதுலயே தையல். எங்க தெரு ஆசாரி வந்து நடுவுல நின்னு நாலு பக்கமும் பாத்துட்டு, வேற வீடு பாருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். குட்டிதான் உன் பேச்சை எடுத்தா. சின்ன இடத்துல ஆளைத் திணிக்கத் தெரிஞ்சவர் மாமா ஒருத்தர்தான், அவரைக் கேளுன்னா. அதுக்காக எழுதறேன். அறை அளவெல்லாம் பின்னால இருக்கிற தாள்ல இருக்கு. முடியுமா முடியாதான்னு மட்டும் சொல்லு.

குட்டியோட அம்மா

ஜனவரி 17

அக்காவுக்கு,

உறை மேல உன் கையெழுத்தைப் பாத்ததும் பட்டறையிலேயே கை கழுவிட்டு வந்துதான் பிரிச்சேன். மரத்தூள் பட்டா அதுக்கும் திட்டுவியேன்னு பயம்.

முடியும். முதல்ல அதைச் சொல்லிடறேன்.

இங்க நான் இப்ப சரக்குக் கப்பலுக்கு மாலுமிங்க அறை கட்டிக்கிட்டு இருக்கேன். எட்டடிக்கு ஒன்பதடியில நாலு ஆம்பளைங்க. ஒவ்வொருத்தனுக்கும் படுக்கை, அலமாரி, கடிதம் எழுத ஒரு பலகை. முதல் தடவை வரைபடத்தைப் பாத்தப்ப நாலு பேரை மடிச்சு வெச்சாத்தான் உண்டுன்னு சொல்லிச் சிரிச்சேன். இப்ப அதே அறையில அஞ்சாவதா ஒரு ஆளுக்குக்கூட இடம் கண்டுபிடிப்பேன். இதுல ரகசியம் ஒண்ணும் பெரிசா இல்ல. படுக்கிற இடமும் நடக்கிற இடமும் வேலை செய்யற இடமும் ஒரே இடமா இருக்கலாம். ஒரே நேரத்துல தேவைப்படக் கூடாது, அவ்வளவுதான். யார் எந்த நேரத்துல எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கணும். அளவு நாடாவை விட அதுதான் முக்கியம்.

அதனால எனக்கு ஒரு உதவி செய். வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் எழுதி அனுப்பு. ஒவ்வொண்ணையும் கடைசியா எப்ப தொட்டேன்னும் எழுது. கூச்சப்படாதே, என் வீட்டுல இதே மாதிரி எழுதினப்ப நாலு குடை இருந்தது, ஒண்ணும் விரியல.

குட்டி என்னைக் கேளுன்னு சொன்னாளா, இல்ல நீயா சேத்துக்கிட்டியா?

தம்பி

ஜனவரி 26

அவதான் சொன்னா. நான் எதையும் சேத்து எழுதற ஆள் இல்ல.

நீ கேட்டது. தையல் மெஷின், தினமும். வெட்டுற மேசை, ஆறடிக்கு மூணடி, தினமும். அதைக் குறைக்கலாம்னு நினைச்சா இப்பவே மறந்துடு, எங்க ரெண்டு பேர் சோறும் அது மேலதான் இருக்கு. ஆள் உயரக் கண்ணாடி, சட்டை போட்டுப் பாக்க வர்றவங்களுக்கு, வாரத்துல மூணு நாள். நாற்காலி நாலு. ஒண்ணுல நான் உக்காருவேன், மூணுல துணி உக்காந்திருக்கும். உங்க அத்தானோட பெட்டி, அவர் செத்த வருஷம் கட்டிலுக்கு அடியில தள்ளினது, அதுக்கப்புறம் தொடல. பள்ளிக்கூடச் சீருடைத் துணி எட்டு மூட்டை, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரும் போகும். குட்டியோட புத்தகம் ரெண்டு பெட்டி.

அப்புறம் நீ செஞ்ச மேல்கட்டில். கீழ மேசை போட்டுக்கலாம், மேல அவ படுத்துக்கலாம், ஒரு முழு அறை மிச்சம்னு சொல்லி நீயே கொண்டு வந்து மாட்டினதுதான். அது இன்னும் அங்கயேதான் நிக்குது. ஒரு பக்கம் சுவர்ல இருக்கிற கான்கிரீட் பலகை மேல, மறுபக்கம் ரெண்டு கால் மேல. மூட்டையெல்லாம் அது மேலதான் கிடக்கு. அதோட ஏணியை மட்டும் அன்னிக்கே கொண்டு போய் வராந்தா கோடியில போட்டுட்டேன். கடைசியா எப்ப தொட்டேன்னு கேட்டியே. ஏணியோட சரிஞ்சு விழுந்தவளை அது கீழேருந்து தூக்கின நாள்தான்.

குட்டியோட அம்மா

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

வரைபடம் இதோட இருக்கு. அதைப் பாத்துக்கிட்டே படி.

வாசக் கதவு உள்பக்கமா திறக்குது. அது திறந்து மூட எடுத்துக்கிற இடத்துல ஒரு ஆள் குடித்தனம் நடத்தலாம். அதைப் பக்கவாட்டுல தள்ளுற கதவா மாத்தறேன். வெட்டுற மேசையை நான் குறைக்கல. சன்னலுக்கும் மூலைக்கும் நடுவுல சுவரோட கீல் போட்டு மாட்டறேன். வேலை நேரத்துல இறக்கிக்கோ, மத்த நேரம் சுவரோட தூக்கி மாட்டிடு. அதோட அடிப்பக்கத்துல உன் ஆளுயரக் கண்ணாடியைப் பதிக்கிறேன். துணி வெட்டறப்ப யாரும் கண்ணாடி பாக்கப் போறதில்ல, கண்ணாடி பாக்கறப்ப நீ வெட்டப் போறதில்ல. குட்டிக்குச் சுவரோரமா தாழ்வான கட்டில், உயரம் நாற்காலி உக்காரும் உயரமே. அவளே நகர்ந்து ஏறிக்கலாம், யாரும் தூக்க வேண்டாம். உன் படுக்கை அந்தக் கட்டிலுக்கு அடியிலேருந்து சக்கரத்துல வெளிய வரும். நீ படுக்கிற நேரத்துல அவ நாற்காலியில சுத்தப் போறதில்ல. மூட்டையெல்லாம் கதவுக்கு மேல ஒரு நீளப் பலகையில. அத்தான் பெட்டிக்கும் அங்க இடம் வெச்சிருக்கேன், தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன்.

வட்டம் சமையல் மேடைக்கும் குட்டி கட்டிலுக்கும் நடுவுல. மேல்கட்டிலைக் கழட்டினாத்தான் அது கிடைக்கும். கழட்டிடு அக்கா.

இன்னொண்ணு. பார்சல்ல ஒரு இரும்பு அளவு நாடா வெச்சிருக்கேன். எல்லா அளவையும் அதை வெச்சு இன்னொரு தடவை எடுத்து அனுப்பு. தயவு செஞ்சு அதாலேயே எடு. பக்கத்துல வேற யாராவது இருந்தா அவங்களைப் படிக்கச் சொல்லி நீ எழுதிக்கோ.

தம்பி

பிப்ரவரி 13

எனக்கு அளவெடுக்கத் தெரியாதுன்னு சொல்ல ஒரு பார்சல் வேணுமா?

இருபத்திரண்டு வருஷமா அளவெடுக்கிறேன். இந்தத் தெருவுல பாதிப் பேரோட தோளும் இடுப்பும் என் நோட்டுல இருக்கு. சட்டை இறுக்கிப் பிடிக்குதுன்னு ஒருத்தர் திருப்பிக் கொண்டு வந்ததில்ல. பக்கத்துல ஆளை வெச்சுக்கிட்டுப் படிக்கச் சொல்ற, எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி. உன் இரும்பு நாடா பெட்டியோட அப்படியே இருக்கு. என் நாடாவாலேயே திரும்ப எடுத்தேன். முன்னாடி எழுதினதுதான் வந்தது. மேசைக்கு எழுபத்தி மூணரை. அறை அகலம் நூத்திப் பதினஞ்சரை. போதுமா?

மேல்கட்டிலைப் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் கழட்டிட்டார். அவர் கழட்டறப்ப நான் வெளிய போயிட்டேன். கட்டையெல்லாம் வராந்தாவுல ஏணி பக்கத்துல கிடக்கு. அந்த மூலை சுவர் வெள்ளையா இருக்கு, மத்த சுவரெல்லாம் பழுப்பேறிப் போச்சு.

வரைபடம் நல்லா இருக்கு. அதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. ஆனா நீ செஞ்ச பொருளை மறுபடி வீட்டுக்குள்ள விடறதுக்கு என் மனசு எப்படி இருக்கும்னு ஒரு வரிகூட நீ கேக்கல. கண்ணாடியைப் பத்தி ஒரு பத்தி எழுதற. ஆஸ்பத்திரி வராந்தாவுல என் வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னேன். அன்னிக்கும் நீ ஒரு வார்த்தை பேசல. தலையை ஆட்டிட்டுப் போயிட்ட. மன்னிச்சுடுன்னாவது சொல்லியிருக்கலாம்.

குட்டியோட அம்மா

மார்ச் 20

அக்காவுக்கு,

சாமானெல்லாம் லாரியில ஏத்தியாச்சு. பதினேழு உருப்படி. ஒவ்வொண்ணு மேலயும் வரிசை எண் இருக்கு, வரைபடத்துலயும் அதே எண். எலக்ட்ரீஷியன் கெட்டிக்காரர்னா ஒரு நாள்ல மாட்டிடலாம். நான் வந்து மாட்டறதா இருந்தா நீ சொல்லியிருப்ப, சொல்லல, அதனால வரல.

பட்டறைப் பழக்கத்துல சாக்பீஸ்ல அளவும் எழுதியிருக்கும். அதைப் பாக்காதே.

நீ கேட்டதுக்கு பதிலை மூணு தடவை எழுதிக் கிழிச்சேன்.

தம்பி

மார்ச் 29

பாக்காதேன்னு எழுதினா எந்த அக்கா பாக்காம இருப்பா?

மேசைப் பலகை எழுபத்திரண்டுன்னு போட்டிருக்கு. நான் கொடுத்தது எழுபத்தி மூணரை. கதவுப் பலகை ஒண்ணரை குறைவு. மேல் பலகை ஒண்ணரை குறைவு. கட்டில் வரைபடத்துல முப்பத்தாறு, வந்திருக்கிறது முப்பத்தஞ்சு. ஒண்ணாவது சொன்ன அளவுல இருக்கா? ஒரு தடவை உன்னை நம்பி என் பொண்ணை மேல ஏத்தினேன். அது எப்படி முடிஞ்சதுன்னு தெரியும். ரெண்டாவது தடவையும் நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். ஏப்ரல் 20க்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. இந்தக் குட்டைப் பலகைங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?

சின்ன வயசுல உன்னை அவசரக்குடுக்கைன்னு கூப்பிடுவோம். நாப்பது வயசுலயும் நீ மாறல. எனக்கு அழுகை வருது, அதனால நிறுத்தறேன்.

ஏப்ரல் 8

தம்பிக்கு,

போன கடிதம் உனக்குக் கிடைச்சிருக்கும். இதையும் படி.

நேத்து எலக்ட்ரீஷியன் வந்தார். பலகை குட்டை, மாட்டி பிரயோஜனம் இல்லைன்னு சொன்னேன். வெச்சுத்தான் பாப்போமேன்னு தூக்கினார். சன்னலுக்கும் மூலைக்கும் நடுவுல மேசைப் பலகை போய் உக்காந்தது. பக்கத்துல ஒரு தபால் அட்டை நுழையற இடைவெளிதான். கதவும் அப்படியே. மேல் பலகையும் அப்படியே. பதினேழு உருப்படியில ஒண்ணுக்குக்கூட அவர் உளி எடுக்கல.

அப்புறம் என் வட்டத்தை எடுத்தேன். ஜனவரியிலேயே பழைய படுக்கை விரிப்புல அறுபது அங்குலத்துக்கு ஒண்ணு வெட்டி வெச்சிருந்தேன், சோதனை பண்ணிப் பாக்க. விரிச்சா கட்டில் ஓரமா அரை அங்குலம் எழும்பி நிக்குது. எல்லாம் மாட்டியும் இப்படியான்னு தரையிலேயே உக்காந்துட்டேன். எலக்ட்ரீஷியன்தான் உன் இரும்பு நாடாவைப் பெட்டியிலேருந்து எடுத்தார். என் துணியை அளந்தார். அறுபத்தொண்ணரை. நாடா தப்புன்னேன். திரும்ப அளந்தார். அறுபத்தொண்ணரை.

சட்டைக்கு அளவெடுக்கிறப்ப உடம்பு அளவை எழுத மாட்டோம். ஆள் மூச்சு விடணும், கையைத் தூக்கணும், அதுக்கு ஒண்ணரை அங்குலம் லூஸ் கூட்டித்தான் நோட்டுல எழுதுவோம். நாடா ஒண்ணு காட்டும், கை ஒண்ணு எழுதும். நான் யோசிக்கிறதே இல்ல. சுவருக்கும் மேசைக்கும் அதையேதான் பண்ணியிருக்கேன். செங்கல்லுக்கு மூச்சு விட இடம் விட்ட பொம்பளை உலகத்துலேயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

ஆனா நான் எழுத வந்தது அது இல்ல. உனக்கு இது முன்னாடியே எப்படித் தெரியும்னு யோசிச்சேன். வராந்தாவுக்குப் போனேன். மேல்கட்டிலோட ரெண்டு காலையும் திருப்பிப் பாத்தேன். அடியில ரம்பம் போட்டு அறுத்திருக்கு, அங்க மட்டும் பெயிண்ட் இல்ல. ஏணியைத் திருப்பினேன். அடியில பெயிண்ட் அப்படியே இருக்கு. காலையும் ஏணியையும் சேத்து நிறுத்தினேன். ஏணி காலை விட ஒண்ணரை அங்குலம் அதிகம்.

அந்தக் கான்கிரீட் பலகை உயரத்தை உனக்கு எழுதி அனுப்பினது நான்தான். அது தப்புன்னு கட்டில் மாட்டின அன்னிக்கே பாத்தியா? ஒரே வரியில பதில் சொல்லு. ஜோக் வேண்டாம்.

ஏப்ரல் 13

அக்கா,

பாத்தேன்.

ஒரே வரி கேட்ட, எழுதிட்டேன். மிச்சத்தை உனக்குப் படிக்கத் தோணினா படி.

கட்டிலை நிறுத்தினப்பவே கால் ஒண்ணரை அங்குலம் கூடுதல்னு தெரிஞ்சுது. காலை அறுத்தேன். ஏணியை அறுக்கறதுக்குள்ள மணி ஆயிடுச்சு, ரயிலுக்கு முக்கால் மணி நேரம்தான். ஏணி கால் தரையில முட்டிக்கிட்டதால அதோட மேல்முனைக் கொக்கி கட்டில் கம்பி மேல முழுசா இறங்கல, பாதிதான் பிடிச்சது. அடுத்த மாசம் வந்து சரி பண்ணிடறேன், அதுவரைக்கும் ஏறறப்பவும் இறங்கறப்பவும் கொக்கியை ஒரு தட்டு தட்டிக்கோன்னு குட்டிகிட்ட சொன்னேன். உன்கிட்ட சொல்லல. சொன்னா அதை முடிச்சுட்டுத்தான் போகணும்னு பிடிச்சு வெச்சிருப்ப. அடுத்த மாசம் இங்க கப்பலைத் தண்ணியில இறக்கற நேரம். வரல. ஏழாவது வாரம் நீ போன் பண்ணின.

ஆஸ்பத்திரியில ஏன் பேசலன்னு கேட்ட. ஏணி நீளம்னு வாயைத் திறந்தா, ஏன் நீளம்னு அடுத்த கேள்வி வரும். அளவு தப்புன்னு சொல்லணும். நீ அதைப் பிடிச்சுக்கிட்டு சாகற வரைக்கும் உன்னையே தின்னுவ. உன்னை எனக்குத் தெரியும். அது நியாயமும் இல்ல. எனக்கு வர்ற எந்த வேலையிலயும் அளவு சரியா வந்ததே கிடையாது. தப்பா வர்ற அளவைத் திருத்தத்தான் எனக்குச் சம்பளம். உன் ஒண்ணரை அங்குலத்தால அவ விழல. அது தெரிஞ்சும் நான் ரயில் ஏறினதால விழுந்தா.

மன்னிச்சுடுன்னு சொல்லலன்னு எழுதியிருந்த. மன்னிச்சுடு அக்கா.

உன் வட்டத்தைத் தூக்கிப் போடு. அறை அகலம் நிஜத்துல நூத்திப் பதினாலு. மேடை பதினெட்டு, கட்டில் முப்பத்தாறு போக சரியா அறுபதுதான் மிஞ்சும். கட்டில்ல ஒரு அங்குலம் எடுத்தேன். அறுபத்தொண்ணு இருக்கு. அவங்க விரிப்பு விரியும்.

தம்பி

ஏப்ரல் 27

அவசரக்குடுக்கைக்கு,

இருபதாம் தேதி அந்த அம்மா வந்தாங்க. செருப்பை வெளிய விட்டுட்டு, விரிப்பை உருட்டி அக்குள்ள வெச்சுக்கிட்டு. தள்ளுகதவை ரெண்டு தடவை தள்ளிப் பாத்தாங்க. மேசையை இறக்கினாங்க, தூக்கினாங்க, கண்ணாடியில தன் முகத்தைப் பாத்து முடியைச் சரி பண்ணிக்கிட்டாங்க. அப்புறம் விரிப்பைப் போட்டாங்க. முட்டி போட்டு ஓரம் முழுக்கக் கையால தடவிக்கிட்டே சுத்தி வந்தாங்க. கட்டில் பக்கம் வந்தப்ப நான் சுவரைப் பாத்துக்கிட்டு நின்னேன். மடங்கல. தாள்ல கையெழுத்துப் போட்டுட்டு, யார் செஞ்சதுன்னு கேட்டாங்க. என் தம்பின்னு சொன்னேன். சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு, வாய் கொஞ்சம் குழறிடுச்சு.

நேத்து குட்டியைப் பாக்கப் போனேன். உன் கடிதத்தைக் கையோட எடுத்துட்டுப் போய்ப் படிச்சுக் காட்டினேன். என் அளவையும் சொன்னேன். அவ முழுசும் கேட்டா. அப்புறம், கொக்கியை மாமா தட்டச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு, தினமும் தட்டுவேன், அன்னிக்கு வகுப்புக்கு நேரமாச்சுன்னு தட்டாம இறங்கினேன்னு சொன்னா. ரெண்டு வருஷமா நீ மாமாவைத் திட்டறப்பல்லாம் இதைச் சொல்ல வாயெடுப்பேன், என்னைத் திட்ட மனசு வராம அழுவியேன்னு விட்டுட்டேன்னா. கடைசியில ஒண்ணு சொன்னா, அதை அப்படியே எழுதறேன்: "ஒண்ணரை அங்குலம்தானேம்மா. ஆளுக்கு அரை எடுத்துக்கலாம்."

ரெண்டு வருஷம் உன்னை மட்டும் திட்டினது எனக்கு வசதியா இருந்தது. அதை ஒத்துக்கறேன்.

மே 4 அன்னிக்கு அவ வர்றா. நீயும் வா. அந்த ஏணியை உன் கையால விறகாக்கணும், அதை நான் வேற யாருக்கும் விட மாட்டேன். திரும்பற ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டு வராதே.

பகல்ல வட்டம், ராத்திரி என் படுக்கை, அது போக கதவுக்கும் மேடைக்கும் நடுவுல உனக்குப் படுக்க இடம் அளந்து வெச்சிருக்கேன். எழுபத்தி நாலரைக்கு முப்பத்தொண்ணரை. தெரிஞ்சேதான் ஒண்ணரை கூட்டி எழுதியிருக்கேன். இந்த தடவை அதைக் கழிக்காதே.

அக்கா